குரங்கு, மனுஷ விழித்திரையில இருக்கிற டோபமின் செல்களைப் படிக்கப் போறீங்களா? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ரெட்டினா (விழித்திரை) லேப்ல புதுசா சேர்ந்திருக்கீங்க, இல்ல நரம்பியல் படிக்கிறீங்க, கைல ஒரு பேப்பரோ ஒரு மைக்ராஸ்கோப் படமோ கொடுத்து "இதுல இருக்கிற டோபமின் செல்லைப் பாரு"னு சொல்லிட்டாங்கன்னு வச்சுக்கங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். டோபமின்ங்கிற சிக்னல் ரசாயனத்தைச் சுரக்கிற இந்த செல் எண்ணிக்கைல ரொம்ப ரொம்ப கம்மி. மக்காக் குரங்கு ரெட்டினால ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சில பத்துதான் தேறும், அதே இடத்துல மத்த அமக்ரைன் செல்கள் (ரெட்டினாவோட உள்பக்கம் சிக்னலைப் பக்கவாட்டுல கொண்டு போற நரம்பு செல்கள், டோபமின் செல்லும் இதுல ஒரு வகை) ஆயிரக்கணக்குல நெருக்கிக்கிட்டு இருக்கும். ஆனா இந்தக் கொஞ்சம் செல்கள் சேர்ந்துதான் முழு ரெட்டினாவையும் இருட்டு மோடுல இருந்து வெளிச்ச மோடுக்கு மாத்துது. இது எப்படி சாத்தியம்னு புரியணும்னா ஆரம்பத்துலயே ஒண்ணை மனசுல வாங்கிக்கணும்: இந்த செல் ரெண்டு விதமா பேசுது. பக்கத்துல இருக்கிற செல்லைத் தொட்டு சினாப்ஸ் (ரெண்டு நரம்பு செல் சேதி மாத்திக்கிற சந்திப்பு) வழியா பேசறது ஒண்ணு, டோபமினை வெளிய விட்டு அது பரவிப் போய் தூரத்துல இருக்கிற செல்களை எட்டறது இன்னொண்ணு. சினாப்ஸை மட்டும் தேடிப் போறவங்க பாதிக் கதையோட திரும்பி வந்துடறாங்க.

முதல்ல ஒரு வெள்ளைத் தாள்ல ரெட்டினாவை வரைங்க

புத்தகத்தைப் பாக்காம வரையணும். மேல ராட் (மங்கின வெளிச்சத்துக்கு), கோன் (பகல் வெளிச்சத்துக்கு) செல்களோட உட்கருக்கள் இருக்கிற அடுக்கு, அதுக்குக் கீழ செல்கள் இணையற அவுட்டர் ப்ளெக்ஸிஃபார்ம் லேயர், அப்புறம் ஹரிசான்டல், பைபோலார், அமக்ரைன் செல்களோட உடல்கள் இருக்கிற இன்னர் நியூக்ளியர் லேயர், அதுக்கும் கீழ இன்னர் ப்ளெக்ஸிஃபார்ம் லேயர், கடைசில மூளைக்கு சிக்னல் அனுப்பற கேங்ளியன் செல்கள். இன்னர் ப்ளெக்ஸிஃபார்ம் லேயரை அஞ்சு கோடா பிரிச்சுக்கங்க. மேல்பக்கம் வெளிச்சம் குறையும்போது பேசற ஆஃப் வழிகள், கீழ்ப்பக்கம் வெளிச்சம் கூடும்போது பேசற ஆன் வழிகள். நம்ம டோபமின் செல்லோட கிளைகள் பெரும்பாலும் ஆக மேல இருக்கிற முதல் கோட்டுலயே, அமக்ரைன் செல் உடல்களை உரசிக்கிட்டு ஒரு மெல்லிய வலையா படர்ந்திருக்கும். செல்லோட உடலும் அந்த எல்லைலதான் உக்காந்திருக்கும், சிலது மட்டும் இடம் மாறி கீழ கிடக்கும்.

இதோட ராட் பாதையையும் சேர்த்து வரைஞ்சிடுங்க, ஏன்னா அது இல்லாம டோபமின் செல்லோட வேலை விளங்காது. ராட் செல் சிக்னலை ராட் பைபோலார்கிட்ட கொடுக்குது, அது இன்னர் ப்ளெக்ஸிஃபார்ம் லேயரோட அடிவரைக்கும் இறங்கி ஏ-டூ (AII)ங்கிற அமக்ரைன் வகைகிட்ட கொடுக்குது, ஏ-டூ அதை ரெண்டாப் பிரிச்சு, ஆன் கோன் பைபோலாருக்கு கேப் ஜங்ஷன் (ரெண்டு செல்லை நேரா இணைக்கிற சின்ன வழி) வழியாவும் ஆஃப் கோன் பைபோலாருக்கு கிளைசின்ங்கிற அடக்கற ரசாயனத்தோட சினாப்ஸ் வழியாவும் அனுப்புது. ராத்திரி நேரத்துப் பார்வையோட மெயின் ரோடு இதுதான். இதுல ஏ-டூ செல்லோட உடல் எங்க இருக்குன்னு பாருங்க, டோபமின் வலை படர்ந்திருக்கிற அதே எல்லைல. ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்கிறது தற்செயல் இல்ல.

செல் யாருன்னு தெரிஞ்சுக்கங்க

மூளைல டோபமின் தனியாவே ஒரு சிக்னல் ரசாயனம்னு 1950கள் கடைசில காட்டினவர் ஆர்விட் கார்ல்சன், அதுக்கு 2000ல நோபல் கிடைச்சுது. அவரோட கண்டுபிடிப்பு வந்து கொஞ்ச வருஷத்துலயே, உலர வச்ச திசுவை ஃபார்மால்டிஹைட் ஆவில வச்சா டோபமின் இருக்கிற செல்கள் ஒளிரும்ங்கிற முறை வந்துச்சு, அதை வச்சு 1963ல ஹெக்கெண்டாலும் மால்ம்ஃபோர்ஸும் முயல் ரெட்டினால டோபமின் செல்கள் இருக்குன்னு காட்டினாங்க. இப்ப யாரும் பெரும்பாலும் அந்த ஒளிர்வு முறைய பயன்படுத்தறதில்ல, டைரோசின் ஹைட்ராக்சிலேஸ்ங்கிற என்சைமுக்கு எதிரான ஆன்டிபாடியதான் (அதுல ஒட்டி அதைக் காட்டற புரதம்) போடறோம், லேப்ல எல்லாரும் டிஎச்னுதான் சொல்வாங்க. டைரோசினை எல்-டோபாவா மாத்தற என்சைம் இது, டோபமின் உற்பத்தியோட வேகத்தை நிர்ணயிக்கிற படி இதுதான்.

இங்க ஒரு எச்சரிக்கை. டிஎச் ஏறின எல்லா செல்லும் டோபமின் செல்னு எழுதிடாதீங்க. ரெட்டினால ரெண்டு வகை செல் டிஎச் காட்டும். முதல் வகை பெரிய உடல், அடர்த்தியான சாயம், கிளைகள் முதல் கோட்டுல. ரெண்டாவது வகை சின்ன உடல், மங்கலான சாயம், கிளைகள் இன்னர் ப்ளெக்ஸிஃபார்ம் லேயரோட நடுவுல. நாம இங்க பேசறது முதல் வகைய மட்டும். எண்ணும்போது ரெண்டையும் சேர்த்துட்டா கணக்கு மொத்தமும் கெட்டுடும், அதனால எந்தப் பேப்பர் படிச்சாலும் அவங்க எந்த வகைய எண்ணினாங்கன்னு முதல்ல தேடுங்க.

குரங்கு ரெட்டினால இந்த செல்லோட முழு உருவத்தைப் பாக்கணும்னா டென்னிஸ் டேசி 1990ல மக்காக்ல செஞ்ச வேலைய கட்டாயம் படிங்க. ஒரு தனி செல்லுக்குள்ள சாயத்தை ஏத்தி அதோட எல்லாக் கிளையையும் பின்தொடர்ந்து பாத்தார். அமக்ரைன் செல்லுக்கு ஆக்சான் (சிக்னலை வெளிய கொண்டு போற நீள இழை) கிடையாதுன்னுதான் பாடத்துல சொல்லிக் கொடுப்பாங்க, ஆனா இதுல செல் உடலுக்குப் பக்கத்துல தடிமனான, அதிகம் கிளைக்காத டென்ட்ரைட்டுகளும் (சிக்னலை வாங்கற கிளைகள்), அதுல இருந்தே கிளம்பற மெல்லிய ஆக்சான்களும் இருந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரே செல்லுக்குப் பல ஆக்சான், ஒவ்வொண்ணும் மில்லிமீட்டர் கணக்குல ஓடுது. இப்ப முன்னாடி கேட்ட கேள்விக்கு ஒரு பாதி விடை கிடைச்சாச்சு, கொஞ்சம் செல்கள் முழு ரெட்டினாவையும் மூடறது இந்த நீளத்தாலதான், ஒரே இடத்துல பல செல்களோட ஆக்சான்கள் ஒண்ணு மேல ஒண்ணு போய்க்கிட்டிருக்கும்.

இன்னொரு துப்பு அது எங்க இருக்குங்கிறதுல இருக்கு. ஃபோவியாவோட (கூர்மையான பார்வைக்கான ரெட்டினாவோட நடுப்பகுதி) குழில இந்த செல் கிடையாது. 1984ல மரியானி, கோல்ப், நெல்சன் மூணு பேரும் ரீசஸ் குரங்குல (மக்காக்ல ஒரு வகை) இந்த செல்களோட பரவல் ராட் செல்களோட பரவலை ஒட்டியே போகுதுன்னு காட்டினாங்க. ராட் எங்க நெருக்கமோ அங்க இதுவும் கூட. எனக்கு இந்தத் துறைல ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பு இது, ஏன்னா எந்த மின்முனையும் செருகாம, வெறுமனே எண்ணிப் பாத்தே செல்லோட வேலைக்கு ஒரு சாட்சி கிடைச்சிருக்கு.

திசு கைக்கு வந்தா

குரங்குத் திசு கிடைக்கறது சாதாரண விஷயம் இல்ல. நெறிமுறைக் குழு அனுமதி இல்லாம அதைத் தொடவே கூடாது, வேற ஆராய்ச்சிக்காக பயன்பட்ட விலங்கோட கண்ணைப் பகிர்ந்துக்கிறதுதான் நல்ல வழக்கம், மனுஷக் கண்ணுன்னா கண் வங்கி வழியா தானம் செஞ்சவங்களோடது. அதனால ஒரு துண்டு கூட வீணாகக் கூடாதுங்கிற எண்ணத்தோட உக்காருங்க. இடது கண்ணா வலது கண்ணா, மேல்பக்கம் எது, ஃபோவியா எந்தப் பக்கம், இதை வெட்டறதுக்கு முன்னாடியே குறிச்சு வைங்க, வெட்டின பிறகு எந்தத் துண்டும் தன் ஊரைச் சொல்லாது. மனுஷக் கண்ணா இருந்தா இறந்து எத்தனை மணி நேரம் கழிச்சு ஃபிக்ஸ் பண்ணாங்க, அதாவது கெட்டுப் போகாம பதப்படுத்தினாங்கங்கிறதும் கட்டாயம் குறிப்புல இருக்கணும், மெல்லிய ஆக்சான்கள் சீக்கிரம் கெட்டுப் போற ரகம்.

சாதாரண ஆன்டிபாடி வேலைக்கு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைட் போதும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குப் போகணும்னா கொஞ்சம் க்ளூட்டரால்டிஹைடும் சேர்க்கணும், ஆனா அது கூடினா ஆன்டிபாடி ஒட்டறது குறையும், அதனால எதுக்காக செய்யறோம்னு முதல்லயே முடிவு பண்ணிக்கங்க. கண்ணுக்குள்ள நிரம்பியிருக்கிற விட்ரியஸ் ஜெல்லைப் பொறுமையா எடுக்கணும், மிச்சம் இருந்தா ஆன்டிபாடி உள்ள போகாது, படத்துல திட்டுத் திட்டா வரும், அதைப் பாத்து இந்த இடத்துல செல் இல்லன்னு தப்பா நினைச்சுடுவீங்க.

குறுக்குவெட்டா, முழு ரெட்டினாவை விரிச்ச ஹோல்மவுண்ட்டா? ரெண்டும் வேணும். குறுக்குவெட்டுல எந்த ஆழத்துல இருக்குன்னு தெளிவாத் தெரியும், ஆனா மில்லிமீட்டர் கணக்குல ஓடற ஆக்சான் அங்க வெறும் புள்ளியாதான் தெரியும். ஹோல்மவுண்ட்ல வலை முழுசாத் தெரியும், ஆனா ஆன்டிபாடி உள்ள இறங்க நாள் கணக்குல டைம் கொடுக்கணும், குளிர்ல வச்சு டிட்டர்ஜென்ட் சேர்த்து பல நாள் ஊற விடுவாங்க. முதல் ஆன்டிபாடி (டிஎச்ல ஒட்டறது) போடாம ரெண்டாவது ஆன்டிபாடி (முதலாவதுல ஒட்டி அதைக் காட்டறது) மட்டும் போட்ட ஒரு துண்டையும் கூடவே வைங்க. வயசான கண்கள்ல தானாவே ஒளிர்ற மிச்சப் பொருள் நிறைய இருக்கும், அந்தத் துண்டு இல்லன்னா எது சாயம் எது சாயம் இல்லன்னு சொல்ல முடியாது.

மைக்ராஸ்கோப்புக்கு முன்னாடி

எடுத்த எடுப்புலயே பெரிய லென்ஸைப் போடாதீங்க. சின்ன லென்ஸ்ல முழுத் துண்டையும் ஒரு ரவுண்டு பாருங்க, அடர்த்தியா சாயம் ஏறின பெரிய உடல்கள் தள்ளித் தள்ளி இருக்கிறது தெரியும். ஒண்ணைத் தேர்ந்தெடுத்து ஃபோகஸை மேலயும் கீழயும் நகர்த்தி, கிளைகள் ஒரே தளத்துல கிடக்கான்னு பாருங்க. அப்படி இருந்தா முதல் வகை.

அப்புறம் பெரிய லென்ஸுக்குப் போய் அந்த முதல் கோட்டுலயே நில்லுங்க. மெல்லிய இழைகள், அதுல மணி கோத்த மாதிரி வீக்கங்கள், நடுநடுவுல வட்டமா காலி இடங்கள். இழை நேராப் போய்க்கிட்டிருந்து, ஒரு காலி இடத்தோட விளிம்பு வந்ததும் வளைஞ்சு அதைச் சுத்திக்கிட்டுப் போகும், இன்னொரு இழை எதிர்ப்பக்கம் இருந்து வந்து மிச்சத்தை மூடும், ரெண்டும் சேர்ந்து ஒரு முழு வளையம். ஒரே வளையத்துல வேற வேற செல்களோட இழைகளும் பங்கு போடும். வீக்கங்கள் காலி இடத்தைப் பாத்து ஒட்டிக்கிட்டு இருக்கும். ஃபோகஸை அரை மைக்ரானுக்கும் குறைவான படியா நகர்த்தி அடுக்கு அடுக்கா படம் எடுங்க, இல்லன்னா வளையமா, குறுக்கே போற ரெண்டு இழையான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

அந்தக் காலி இடத்துல யார் இருக்காங்க? டிஎச் ஆன்டிபாடியோட கூட கால்ரெட்டினின்ங்கிற புரதத்துக்கான ஆன்டிபாடியையும் போடுங்க. மக்காக்ல கால்ரெட்டினின் ஏ-டூ செல்களை நல்லாக் காட்டும்னு வாஸ்லே குழு 1995ல காட்டினாங்க. ரெண்டு நிறத்தையும் சேர்த்துப் பாக்கும்போது காலியா இருந்த வட்டங்களுக்குள்ள ஏ-டூ உடல்கள் உக்காந்திருக்கிறது தெரியும். ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாதீங்க, உடல்ல இருந்து கீழ இறங்கற தடிச்ச தண்டு, மேல்பாதில முடிச்சு முடிச்சா தொங்கற பகுதிகள், அடில விரியற மெல்லிய கிளைகள், இந்த மூணும் இருந்தா ஏ-டூன்னு எழுதுங்க.

இணைப்புகளைக் குறிச்சு வைக்கிற விதம்

இந்த இடத்துலதான் புதுசா வர்றவங்க அதிகம் தடுமாறுறாங்க, அதனால கொஞ்சம் நிதானமாப் போவோம். ஒளி மைக்ராஸ்கோப்புல ரெண்டு நிறம் தொட்டா அது சினாப்ஸ் இல்ல. நல்ல கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்புல கூட பக்கவாட்டுல சுமார் 0.2 மைக்ரானுக்குக் கீழ பிரிச்சுப் பாக்க முடியாது, ஆழத்துல இன்னும் மோசம், சினாப்ஸோட இடைவெளியோ சுமார் 20 நானோமீட்டர், அதாவது பத்துல ஒரு பங்கு. அதனால நோட்டுல "தொடுது"ன்னு ஒரு பத்தி, "சினாப்ஸ்"னு தனியா ஒரு பத்தி வைங்க, ரெண்டாவதுல எழுதணும்னா எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் சாட்சி வேணும். மூணாவதா "எந்த விலங்கு"ன்னு ஒரு பத்தி. இந்த மூணாவது பத்திய யாரும் ஆரம்பத்துல வைக்கிறதில்ல, அதனாலதான் எலில கண்டதும் முயல்ல கண்டதும் குரங்குல கண்டதும் ஒரே படத்துல கலந்து போய் கிடக்கு.

உள்ள வர்ற இணைப்புகளை முதல்ல நிரப்புங்க. ரீசஸ் குரங்குல பைபோலார் செல்கள் டோபமின் செல்லுக்கு ரிப்பன் சினாப்ஸ் (சிக்னலைத் தொடர்ந்து அனுப்பற தனி வகை சினாப்ஸ்) போடுதுன்னு ஹோகோஸும் மரியானியும் 1987ல எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல காட்டினாங்க. மத்த அமக்ரைன்களும் நிறைய சினாப்ஸ் போடுது. இதுல ஒரு பழைய புதிர் உண்டு: டோபமின் செல் வெளிச்சம் வந்தா கிளர்ந்து எழுது, ஆனா அதோட கிளைகள் கிடக்கிறது ஆஃப் பகுதில. ஆன் சிக்னல் அங்க எப்படி வந்துச்சு? 2009ல முயல்லயும் எலிலயும் விடை கிடைச்சுது, ஆன் பைபோலாரோட ஆக்சான் கீழ இறங்கிப் போற வழியிலயே, ஆஃப் பகுதியைக் கடக்கும்போது, டோபமின் செல்லுக்கு ரிப்பன் சினாப்ஸ் போட்டுட்டுப் போகுது. பாடப்புத்தகத்துல ஆஃப் மேல, ஆன் கீழன்னு போட்ட கோட்டுக்கு இது நேரடி விதிவிலக்கு, நீங்க வரைஞ்ச தாள்ல இதைச் சிவப்புல குறிச்சு வைக்கலாம்.

இன்னொரு உள்வரவு மெலனாப்சின்ங்கிற ஒளி உணர்ற புரதம் இருக்கிற கேங்ளியன் செல்கள்ல இருந்து. தானாவே வெளிச்சத்தை உணர்ற செல்கள் இவை, மனுஷ ரெட்டினால சுமார் 3,000 இருக்குன்னு டேசி குழு 2005ல சொன்னாங்க, அதுல ஒரு வகையோட கிளைகள் நம்ம டோபமின் வலை இருக்கிற அதே மேல் விளிம்புல ஓடுது. கேங்ளியன் செல் மூளைக்கு மட்டும்தான் அனுப்பும்னு நினைச்சுக்கிட்டிருந்தோம், 2008ல எலி ரெட்டினால இந்த செல்கள் பின்பக்கமா டோபமின் செல்லுக்கும் சிக்னல் கொடுக்குதுன்னு வந்துச்சு. நோட்டுல எழுதும்போது ஒரே கோட்டுல கிடக்கிறது குரங்கு, சிக்னல் போறது எலின்னு பிரிச்சு எழுதுங்க.

வெளிய போற இணைப்புல முதல் இடம் ஏ-டூவுக்கு. அந்த வளையங்கள்ல இருக்கிற வீக்கங்கள் ஏ-டூ உடல் மேல நிஜமான சினாப்ஸ் போடுது. ஆனா இங்க டோபமின் மட்டும் இல்ல, டோபமின் செல்லுக்குள்ள காபாவும் (அடக்கற சிக்னல் ரசாயனம்) இருக்கு, எலில பாத்தப்போ அந்த சினாப்ஸுக்கு எதிர்ல ஏ-டூ சவ்வுல இருந்தது காபா ஏற்பிகள் (அந்த ரசாயனத்தை வாங்கற புரதங்கள்). ஆக தொட்டுப் பேசற இடத்துல வேகமா போற சேதி காபாவோடது. டோபமின் வேற வழில போகுது, அதுக்கு வருவோம்.

சில கிளைகள் மேல ஏறி அவுட்டர் ப்ளெக்ஸிஃபார்ம் லேயருக்கும் போகும். 1975லயே டவ்லிங்கும் எஹிங்கரும் தங்கமீன்லயும் கேபஸ் குரங்குலயும் இப்படி மேல போற, டோபமின் மாதிரி அமீன் ரசாயனம் இருக்கிற செல்களோட சினாப்ஸை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்திருக்காங்க. உங்க துண்டுல இது மெல்லிசா, அரிதா தெரியும், குறுக்குவெட்டுல தேடினாதான் கண்ணுல படும்.

பரவிப் போற டோபமினையும் பின்தொடருங்க

பூ ஒரு மூலைல இருந்தாலும் வாசனை அறை முழுக்க போற மாதிரி, டோபமினுக்கு எதிர்ல ஒரு சினாப்ஸ் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. எலியோட டோபமின் செல்லைப் பிரிச்செடுத்துத் தனியா வச்சுப் பாத்தப்போ, எந்த சினாப்ஸும் இல்லாத செல் உடல்ல இருந்தே அது டோபமினை வெளிய விட்டுச்சு. ஏற்பிகள் எங்க இருக்குன்னு தேடினா, டோபமின் இழை எட்டாத ராட், கோன் செல்கள்ல கூட டி2 குடும்பத்து ஏற்பி இருக்கு. டி1 ஏற்பி ஹரிசான்டல் செல்கள்லயும் ஏ-டூ பக்கமும் வேலை செய்யுது.

என்ன செய்யுது? பெரும்பாலும் செல்களுக்கு நடுவுல இருக்கிற கேப் ஜங்ஷன்கள் வழியா நடக்கிற இணைப்பைக் குறைக்குது. முயல் ரெட்டினால ஒரு ஏ-டூவுக்குள்ள சின்ன மூலக்கூறு சாயத்தை ஏத்தினா அது பக்கத்து ஏ-டூக்களுக்கெல்லாம் பரவும், டோபமின் போட்டா அந்தப் பரவல் சுருங்கிடும்னு 1992ல காட்டினாங்க. ஏ-டூக்களை இணைக்கிறது கனெக்சின் 36ங்கிற கேப் ஜங்ஷன் புரதம். ராட்டுக்கும் கோனுக்கும் நடுவுல இருக்கிற இணைப்பும் பகல்ல டோபமினால குறையுது, ராத்திரி மெலடோனின் டோபமின் வெளியேற்றத்தை அடக்கறப்போ கூடுது. இருட்டுல எல்லா செல்லும் கை கோத்து கிடைச்ச கொஞ்சம் ஒளிய கூட்டிச் சேர்க்கணும், வெளிச்சத்துல ஆளாளுக்கு பிரிஞ்சு நின்னு நுணுக்கமா பாக்கணும். அந்த மாற்றத்தோட சாவி டோபமின்கிட்ட இருக்கு.

அதனால நடைமுறைல ஒரு விஷயம்: திசு எடுத்த நேரம் என்ன, அதுக்கு முன்னாடி கண் வெளிச்சத்துல இருந்துச்சா இருட்டுலயா, எவ்வளவு நேரம்னு லேபிள்ல எழுதணும். டிஎச் சாயத்துக்கு இது பெருசாத் தெரியாம போகலாம், ஆனா டோபமின் அளவையோ கேப் ஜங்ஷனையோ அளக்கப் போனா இந்தக் குறிப்பு இல்லாத திசுவை வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது.

நோய் பத்தி கேட்பாங்க

வீட்டுலயும் நண்பர்களும் முதல்ல கேக்கறது பார்கின்சன் பத்திதான். பார்கின்சன் இருந்தவங்களோட ரெட்டினால டோபமின் குறைஞ்சிருக்குன்னு 1990ல வந்துச்சு, 2020ல இந்த செல்களே குறையறதும் அதுகளோட கிளைகள் சிதையறதும் பதிவாச்சு, நுட்பமான கருப்பு வெள்ளை வித்தியாசத்தைப் பிரிச்சறியறது அவங்களுக்குக் குறையறதோட இது பொருந்துது. எம்பிடிபி (டோபமின் செல்களைக் கொல்ற நச்சு) கொடுத்த குரங்குகள்லயும் பார்வைச் சிக்னல் மாறுது. அதுக்காக கண்ணைப் பாத்தே பார்கின்சனைச் சொல்லிடலாம்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க, செல் குறையறதைக் காட்டறது ஒண்ணு, ஒரு ஆளுக்கு நோயை உறுதிப்படுத்தறது வேற.

கிட்டப்பார்வை இன்னொண்ணு. தெளிவான பிம்பம் கிடைக்காம வளர்ந்த கோழிக்குஞ்சுகளோட கண் நீளமா வளர்ந்தப்போ ரெட்டினா டோபமின் குறைஞ்சிருந்துச்சு, இது 1989. டோபமின் ஏற்பிய தூண்டற அபோமார்ஃபின் கொடுத்தா ரீசஸ் குரங்குல அந்த நீள்றது குறையுதுன்னு 1991ல வந்துச்சு. வெளிய நல்ல வெளிச்சத்துல விளையாடற குழந்தைகளுக்கு கிட்டப்பார்வை கம்மின்னு சொல்றதுக்குப் பின்னாடி டோபமின் இருக்கலாம்னு பல பேர் வேலை செய்யறது இந்த வரிசைல இருந்துதான் வருது.

முதல் வாரம் என்ன செய்யலாம்

ஏற்கனவே லேப்ல இருக்கிற ஒரு ஹோல்மவுண்ட் படத்தை எடுத்துக்கங்க, புதுத் திசு வேண்டாம். ஒரே ஒரு முதல் வகை செல்லைப் பிடிச்சு, அதோட ஒரு மெல்லிய இழைய கையால, அடுக்கு அடுக்கா, அது காணாமப் போற வரைக்கும் வரைங்க. சாஃப்ட்வேர் தானா வரைஞ்சதை நம்ப வேண்டாம், இழைகள் குறுக்கே போற இடத்துல அது பாதை மாறிடும். எத்தனை வளையத்துல பங்கு போட்டுச்சு, வீக்கங்கள் வளையத்து மேலதான் கூட்டமா இருக்கா இல்ல நேரா ஓடற பகுதிலயும் அதே அளவு இருக்கான்னு எண்ணுங்க. வளையத்துல இல்லாத வீக்கங்களுக்கு எதிர்ல எதுவும் தெரியலன்னா அதைத் தப்புன்னு விடாம தனிப் பத்தில எழுதுங்க. பேப்பர் படிக்கிறதா இருந்தா 1990 டேசி, அப்புறம் 1987 ஹோகோஸ், மரியானி, அதுக்கப்புறம்தான் எலி வேலைகள், இந்த வரிசைல போனா குரங்கோட உருவம் மனசுல பதிஞ்ச பிறகு எலியோட மின்சிக்னல்கள் வந்து சேரும். ஃபைல் பேர்ல ஃபோவியால இருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளின்னு சேர்த்து வைங்க, அந்த எண் இல்லாம எடுத்த எந்த எண்ணிக்கையையும் இன்னொருத்தரோட எண்ணிக்கையோட ஒப்பிட முடியாது.